எல்லையின் இருபுறமும் ஒரே வீடு

கூரைச் சரிவு பக்கச் சுவரைத் தொடும் இடத்தில் கொத்தனாரின் கைப்பக்குவம் தெரிந்துவிடும். முக்கோணமாக மேலே ஏறும் சுவரில் செங்கல் வரிகள் படுக்கையாக வந்து விளிம்பில் முட்டினால், ஒவ்வொரு வரியின் கடைசிக் கல்லையும் சாய்வாகக் கொத்தியாக வேண்டும். கொத்திய முகத்துக்குச் சூளையில் வெந்த மேல்தோல் கிடையாது. மழை நீர் அதில் இறங்கும். குளிர்காலத்தில் அந்த நீர் உறைந்து விரியும். சில ஆண்டுகளில் கல் பொரிந்து உதிரும். டென்மார்க்கின் பழைய கொத்தனார்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தார்கள். சரிவை ஒட்டிச் சிறு சிறு முக்கோணத் திட்டுகளாகச் செங்கல்லைத் திருப்பி, கூரைச் சரிவுக்குச் செங்குத்தாக அடுக்கி, படுக்கை வரிகளுக்குள் ஆப்பாக இறக்கிவிடுவார்கள். விளிம்பில் முழுக்கல்லின் முகமே நிற்கும். கொத்திய பக்கம் சுவருக்குள் மறைந்துவிடும். தரையிலிருந்து அண்ணாந்து பார்த்தால் பின்னல் வேலை என்று தோன்றும். அழகுக்காகச் செய்தது என்று நினைப்போம், செய்தது நீருக்காக. எலிப்படி என்று அதற்கு அங்கே பெயர். நெதர்லாந்து, கிழக்கு இங்கிலாந்து, வட ஜெர்மனி என்று வடகடலைச் சுற்றியுள்ள செங்கல் நாடுகள் எல்லாவற்றுக்கும் பழக்கமான வேலை இது.

கோல்டிங், டென்மார்க்கின் யூட்லாந்து தீபகற்பத்தில், கிழக்குக் கரையிலிருந்து உள்ளே நீளும் ஒரு கடற்கழியின் முடிவில் இருக்கும் நகரம். சுமார் 60,000 பேர் வசிக்கிறார்கள். விருந்தாளிகளை அழைத்துப்போய்க் காட்ட அங்கே குறைவில்லை: 1268-இல் தொடங்கிய கோல்டிங்ஹூஸ் கோட்டை, ஹெல்லிகோர்ஸ்கேட தெருவில் 1589-ஆம் ஆண்டின் மரச்சட்ட வீடு, சந்தைச் சதுக்கத்தில் 1595-இல் எழுந்த, செதுக்கு வேலை நிறைந்த போர்க்ஸ் கோர். இவற்றைப் பற்றி எழுதியவர்கள் பலர். என் அக்கறை நகர்மையத்தைத் தாண்டியதும் வரும் தெருக்களில். டென்மார்க்கின் எந்த மாகாண நகரத்தை எடுத்துக்கொண்டாலும், பழைய மையத்தைச் சுற்றி 1900-க்கும் 1930-க்கும் இடையில் எழுந்த செங்கல் வீடுகளின் வளையம் ஒன்று இருக்கும். கோல்டிங்கும் விலக்கல்ல. இவற்றில் பெரும்பாலானவற்றைப் பேர்பெற்ற கட்டடக்கலைஞர் யாரும் வரையவில்லை. கொத்து மேஸ்திரி ஒருவர் மனை வாங்கினார், தானே வரைந்தார், தானே கட்டினார், விற்றுவிட்டு அடுத்த மனைக்குப் போனார். மூரமெஸ்டர் வில்லா, அதாவது மேஸ்திரி வீடு என்று டேனியர்கள் இவற்றைச் சொல்கிறார்கள். இன்றைய வீட்டு விற்பனை விளம்பரங்களில் விலையை ஏற்றிக் கொடுக்கும் பெயர் அது.

அமெரிக்காவில் இதே காலத்து வீடுகளைக் கிராஃப்ட்ஸ்மேன் வீடு என்பார்கள். நாற்காலி, மேசை செய்து விற்ற குஸ்டாவ் ஸ்டிக்லி 1901 முதல் 1916 வரை நடத்திய பத்திரிகையின் பெயர் அப்படியே வீட்டுக்கும் ஒட்டிக்கொண்டது. தாழ்ந்த கூரை, ஆழமான திண்ணை, மறைக்காமல் விட்ட மரப் பொருத்துகள் என்று அந்த வீட்டின் லட்சணங்களைக் கலிஃபோர்னியாவில் இன்றும் காணலாம். பத்திரிகையில் வந்த வரைபடங்களைப் பார்த்து நாடெங்கும் வீடுகள் எழுந்தன. சியர்ஸ் நிறுவனம் 1908 முதல் 1940 வரை வீட்டையே பாகம் பாகமாக ரயிலில் அனுப்பி விற்றது. சுமார் 70,000 வீடுகள் அப்படிப் போயின என்று மதிப்பிடுகிறார்கள். இந்த மரபின் உச்சம் என்று எல்லோரும் காட்டும் வீடு பசடீனாவில் கிரீன் சகோதரர்கள் 1908-இல் வடிவமைத்த கேம்பிள் இல்லம். அதன் மரவேலையைச் செய்தவர்கள் ஸ்வீடனிலிருந்து குடியேறிய ஹால் சகோதரர்கள். வீட்டுக்காரரோ சோப்பு வியாபாரத்தில் கொழித்த பிராக்டர் அண்ட் கேம்பிள் குடும்பத்தவர். கையால் செய்ததைப் போற்றும் இயக்கம், அந்தக் கைவேலைக்குக் கூலி கொடுக்க வசதியுள்ளவர் வீட்டில்தான் போய் நின்றது. இங்கிலாந்தில் இந்த இயக்கத்தின் முன்னோடியான வில்லியம் மாரிஸுக்கும் இதே சங்கடம் இருந்தது. வசதியில்லாதவருக்குக் கிடைத்தது பத்திரிகைப் படமும் தொழிற்சாலைப் பாகமும்.

டென்மார்க் வேறு பக்கத்திலிருந்து தொடங்கியது. அங்கே கேள்வி வீட்டைப் பற்றியது அல்ல, கொத்தனாரைப் பற்றியது. 1857-இல் இயற்றப்பட்ட தொழில் சுதந்திரச் சட்டம் 1862-இல் நடைமுறைக்கு வந்தபோது, கைவினைச் சங்கங்களின் பழைய அதிகாரம் போனது. யார் வேண்டுமானாலும் எந்தத் தொழிலும் செய்யலாம் என்றானது. கூடவே ரயில் வந்தது, நகரங்கள் வீங்கின, ரயில் நிலையத்தைச் சுற்றிப் புதிய ஊர்கள் முளைத்தன. இன்று கோல்டிங் நகராட்சிக்குள் இருக்கும் வாம்ட்ரப் அப்படிப்பட்ட ஊர்தான். வேலை பெருகியபோது வேலையின் மரபு அறுந்தது. தாத்தாவிடமிருந்து வந்த கூரைச் சரிவையும் சன்னல் அளவையும் விட்டுவிட்டு, தொழிற்பள்ளியில் படித்த இளம் மேஸ்திரிகள் புத்தகத்தில் பார்த்த கோபுரத்தையும் சிமென்ட் பூங்கொத்தையும் இரண்டு அறை வீட்டின் முகப்பில் ஏற்றினார்கள். தார்த் தாள் கூரை வந்தது, சரிவு குறைந்தது. காசு செலவானது, வீடு மட்டமானது.

முதலில் கவலைப்பட்டவர்கள் மாணவர்கள். கோபன்ஹேகன் கலைக் கழகத்தின் கட்டடக்கலை மாணவர்கள் 1892 டிசம்பர் 3 அன்று தொடங்கிய சங்கம், அந்தத் தேதியையே தன் பெயராகவும் வைத்துக்கொண்டது. நாட்டுப்புறத்தின் பழைய கட்டடங்களை அளந்து வரைந்து வெளியிடுவது அதன் வேலை. அரண்மனையை அளந்தவர்கள் அதற்கு முன்னும் உண்டு. பாதிரியார் வீடு, மாவு மில், தொழுவம் இவற்றின் சன்னல் சட்டத்தை மில்லிமீட்டர் கணக்கில் அளந்தது புதிது. அடுத்த அடியை எடுத்தது கட்டடக்கலைஞர் சங்கம். 1907-இல் அது வரைபட உதவி என்ற ஏற்பாட்டைத் தொடங்கியது. கிராமத்து மேஸ்திரி தன் கரட்டுப் படத்தை அனுப்புவார். கட்டடக்கலைஞர் ஒருவர் சிறு கட்டணத்துக்கு அதைத் திருத்தி அனுப்புவார். சன்னல்களை ஒரே அளவாக்கு, கூரையை நிமிர்த்து, புகைபோக்கியைக் கூரை முகட்டின் நடுவுக்குக் கொண்டுவா என்ற மாதிரித் திருத்தங்கள். 1909-இல் ஆர்ஹூஸில் நடந்த தேசியக் கண்காட்சியில் ரயிலடி ஊர் ஒன்றையே மாதிரிக்குக் கட்டிக் காட்டினார்கள். 1915-இல் இவை எல்லாம் சேர்ந்து பெத்ர புகெஸ்கிக் என்ற தேசியச் சங்கமாக உருவெடுத்தன. மேலான கட்டட வழக்கம் என்று பொருள் கொள்ளலாம்.

இந்த இயக்கத்தின் குருநாதர் பெ. வி. யென்சன்-கிளிண்ட் (1853–1930). படித்தது பொறியியல், பிறகு ஓவியர், அதன் பிறகே கட்டடக்கலை. கோபன்ஹேகனில் 1921-இல் தொடங்கி அவருடைய மகன் காரே கிளிண்ட் 1940-இல் முடித்த குருண்ட்விக் தேவாலயம், பல லட்சம் மஞ்சள் செங்கற்களைப் பூச்சில்லாமல் அடுக்கிய மலை. அதைப் பார்த்தவர்களுக்கு யென்சன்-கிளிண்டின் மற்ற பக்கம் தெரியாமல் போவது இயல்பு. கட்டடக்கலை கழகத்திலிருந்து கீழே இறங்குவதல்ல, கொத்தனாரின் கையிலிருந்து மேலே ஏறுவது என்பதே அவர் வாழ்நாள் முழுக்கச் சொன்னது. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அவரைவிட இளையவரான ஈவார் பென்ட்சன். சேலண்ட் தீவிலுள்ள வல்லகில்ட மக்கள் உயர்பள்ளியில் அவருடைய தந்தை கைவினைஞர் பிரிவை நடத்தி வந்தார். 1911 முதல் மகன் அங்கே கொத்தனார்களுக்கும் தச்சர்களுக்கும் பாடம் எடுத்தார். குளிர்காலத்தில் உறைபனியில் சுண்ணாம்புச் சாந்து பிடிக்காது, கட்டட வேலை நின்றுவிடும். வேலையில்லாத அந்த மாதங்களே பள்ளிக்கூட மாதங்கள். கோடையில் சுவர் எழுப்பியவர் மாசியில் அதே சுவரை வரையக் கற்றார். பென்ட்சன் பின்னாளில் கோபன்ஹேகனில் தோர்கில் ஹென்னிங்சனுடன் சேர்ந்து கட்டிய பக்கஹூஸன வரிசை வீடுகளை (1921–23) கட்டடக்கலை மாணவர்கள் இன்றும் போய்ப் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் அவருடைய பெரிய படைப்பு வல்லகில்டவிலிருந்து ஊர் திரும்பிய கொத்தனார்கள்தான்.

ஸ்டிக்லி வாசகருக்கு வீட்டைக் கொடுத்தார். டேனியர்கள் கொத்தனாருக்குப் பென்சிலைக் கொடுத்தார்கள். விளைவும் வேறாக இருந்தது.

அந்த வீட்டைச் சற்றுக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஏறக்குறைய சதுரமான அடித்தளம், பாதி நிலத்துக்கு மேலே தெரியும் நிலவறை, ஒரு தளம், அதன் மேல் நாற்பத்தைந்து பாகைக்குக் குறையாத சரிவில் சிவப்பு ஓட்டுக் கூரை, கூரைக்குள் அரைத் தளம். பக்கச் சுவரின் உச்சி முனையைச் சில வீடுகளில் கொஞ்சம் மடித்துக் கூரைக்குள் அடக்கியிருப்பார்கள். காற்று அங்கேதான் ஓட்டைப் பிடுங்கும். கூரை சுவரைத் தாண்டி அதிகம் நீளாது. வெள்ளைச் சட்டமும் சிறு கண்ணாடிகளும் கொண்ட சன்னல்கள் ஒன்றுக்கொன்று நேராக நிற்கும். முகப்பில் அலங்காரம் என்று சொல்லக்கூடியது கதவு ஒன்றுதான். தச்சர் தன் திறமையைக் காட்ட அந்த ஓர் இடத்தை விட்டுவைத்திருப்பார்கள்.

சுவரைத் தட்டினால் உள்ளே வெற்றிடம். டேனியச் செங்கல்லின் அளவு 228 × 108 × 54 மி.மீ.; அதில் அரைக்கல் தடிமனுக்கு வெளிச்சுவர், அரைக்கல் தடிமனுக்கு உட்சுவர், நடுவில் காற்று, மொத்தம் சுமார் 30 செ.மீ. இரண்டு தோலையும் ஆங்காங்கே குறுக்கே வைத்த செங்கல் பிணைக்கும். மழை வெளித்தோலோடு நின்றுவிடும், சூடு உட்தோலோடு தங்கும் என்பது கணக்கு. லாரி பேக்கர் கேரளத்தில் பரப்பிய எலிப்பொறிக் கட்டு முறையும் உள்ளே வெற்றிடம் விட்டுக் கட்டுவதுதான். அவர் பார்த்தது செங்கல்லில் கால் பங்கு மிச்சம். இரண்டு இடத்திலும் அதைச் செய்யக் கொத்தனாருக்குத் தனியாகப் பயிற்சி வேண்டும். பூசி மறைக்கும் சுவரில் தப்பிக்கலாம். பூச்சில்லாத சுவரில் ரசமட்டம் சொல்வதே சாட்சி.

சிவப்புக் கல், மஞ்சள் கல் என்ற வேறுபாடு மண்ணில் இருக்கிறது. சுண்ணாம்பு கலந்த களிமண் சூளையில் மஞ்சளாகும். சுண்ணாம்பு கரைந்து போன, இரும்பு மிகுந்த களிமண் சிவப்பாகும். கோல்டிங்குக்குத் தெற்கே ஃப்ளென்ஸ்போர்க் கடற்கழிக் கரையிலுள்ள ஏகர்ன்சுண்ட் வட்டாரம் செங்கல் சூளைகளுக்குப் பேர்போனது. ஆனால் 1920 வரை அது வேறு நாட்டில் இருந்தது.

கோல்டிங்கின் கதை மற்ற டேனிய நகரங்களின் கதையிலிருந்து பிரிவது இந்த இடத்தில். 1864 போரில் டென்மார்க் தோற்றபோது, தெற்கே இருந்த ஸ்லெஸ்விக் வட்டாரத்தின் பெரும்பகுதி ஜெர்மன் தரப்புக்குக் கைமாறியது. எல்லை கோல்டிங்குக்குத் தெற்கே சில கிலோமீட்டரில் வந்து நின்றது. வாம்ட்ரப் எல்லை ரயில் நிலையமானது. ரோடிங்கில் 1844-இல் தொடங்கிய முதல் மக்கள் உயர்பள்ளி எல்லைக்கு அந்தப்புறம் அகப்பட்டதால், அதன் ஆசிரியர்கள் 1865-இல் வடக்கே ஆஸ்கோவில் புதிதாகத் தொடங்கினார்கள். எல்லைக்குத் தெற்கே டேனிய மொழி பேசிய குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வடக்கே இத்தகைய பள்ளிகளுக்கு அனுப்பின. ஒரு மொழி, ஒரு மண், ஒரே செங்கல். நடுவில் சுங்கச் சாவடி.

தெற்கே ஜெர்மன் பேரரசில் அப்போது பரவி வந்தது ஹைமாட்ஷுட்ஸ் என்ற தாயகப் பாதுகாப்பு இயக்கம். 1904-இல் டிரெஸ்டனில் தொடங்கிய அதன் தேசியச் சங்கத்துக்கு முதல் தலைவர் பவுல் ஷுல்ட்சே-நவும்புர்க். தொழிற்சாலை நாகரிகம் ஊரின் முகத்தை அழிக்கிறது, அந்தந்த வட்டாரத்தின் பழைய கட்டட முறைக்குத் திரும்புங்கள் என்பது அதன் வாதம். முதல் உலகப் போருக்கு முன்பே ஸ்லெஸ்விக்கின் டோண்டர்ன் மாவட்டத்தில் ஒரு கட்டடப் பராமரிப்புச் சங்கம் இந்த வாதத்தோடு இயங்கியது. அங்கேயும் கட்டடக்கலைஞர்கள் மேஸ்திரிகளுக்குப் படம் திருத்திக் கொடுத்தார்கள். அரசுக் கட்டடங்களும் இந்தப் பாணியில் எழுந்தன. பெர்லினிலிருந்து வந்த கட்டளை என்று டேனியர்கள் அதை ஒதுக்கியிருக்கலாம். ஆனால் அந்த வட்டாரத்தின் பழைய கட்டட முறை என்று தேடிப்போனால் கிடைப்பது டேனியக் கொத்தனாரின் கட்டட முறைதானே? ஆகவே டேனியப் பற்றுள்ளவர்களும் அதே பாணியில் கட்டினார்கள். அவர்களுக்கு அது தங்கள் சொந்த வீடு.

1920 பிப்ரவரி 10 அன்று நடந்த வாக்கெடுப்பில் வட ஸ்லெஸ்விக்கில் நாலில் மூன்று பங்கினர் டென்மார்க்கைத் தேர்ந்தார்கள். ஜூலை 10 அன்று அரசர் பத்தாம் கிறிஸ்தியான் வெள்ளைக் குதிரையேறி, கோல்டிங்குக்கும் கிறிஸ்தியான்ஸ்ஃபெல்டுக்கும் நடுவே ஃப்ரெடரிக்ஸ்ஹோய் என்ற இடத்தில் பழைய எல்லையைத் தாண்டினார். புகைப்படம் எடுத்தார்கள், பாட்டுப் பாடினார்கள், நாடெங்கும் நினைவுக் கற்கள் நட்டார்கள். பெத்ர புகெஸ்கிக் இயக்கமும் தெற்கே இறங்கியது. அது அங்கே கண்டது, ஏற்கெனவே கட்டி முடிந்திருந்த தன் வீட்டையே. எலிப்படி, முகட்டின் நடுவில் புகைபோக்கி, மடித்த கூரை முனை எல்லாம் இருந்தன. எது ஹைமாட்ஷுட்ஸ், எது பெத்ர புகெஸ்கிக் என்று பெயர் சொல்வது இன்று தேர்ந்த கண்ணுக்கும் சிரமம். கட்டிய ஆண்டைக் கேட்டுத்தான் பல நேரம் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

தேசிய உணர்வைச் செங்கல்லில் படிக்க விரும்புபவர்களுக்கு இது கசப்பாக இருக்கும். ஒரே கூரைச் சரிவை ஒருவர் ஜெர்மானியத் தாயகம் என்றார், இன்னொருவர் டேனிய மரபு என்றார். ஷுல்ட்சே-நவும்புர்க் 1928-இல் கலையையும் இனத்தையும் முடிச்சுப் போட்டுப் புத்தகம் எழுதி, பிறகு நாஜிக் கட்சியில் போய்ச் சேர்ந்தார். வடக்கே அதே கூரை சிறு விவசாயிக்கும் ரயில்வே ஊழியருக்கும் கூட்டுறவுக் கடையோடு சேர்ந்து வந்தது. வீட்டின் வடிவத்தில் இந்த இரண்டு எதிர்காலங்களில் எதற்கும் தடயம் இல்லை. வடிவம் குற்றவாளியும் அல்ல, சாட்சியும் அல்ல. வேறுபாட்டைத் தேட வேண்டிய இடம் வீட்டுக் கடன் பத்திரமும் பள்ளிப் பாடத்திட்டமும்.

எல்லையைத் தாண்டியதும் அரசர் போன கிறிஸ்தியான்ஸ்ஃபெல்ட், கோல்டிங்கிலிருந்து சுமார் 15 கி.மீ.; இன்று கோல்டிங் நகராட்சிக்குள் அடக்கம். தமிழ் வாசகர் இங்கே சற்று நின்று பார்க்கக் காரணம் இருக்கிறது. மொரேவியச் சகோதரர்கள் என்ற கிறித்தவக் குழு, அரசர் ஏழாம் கிறிஸ்தியானின் அனுமதியுடன் 1773-இல் இந்த ஊரைத் திட்டமிட்டுக் கட்டியது. இணையாக ஓடும் இரண்டு தெருக்கள், நடுவில் தேவாலயச் சதுக்கம், மஞ்சள் செங்கல், சிவப்பு ஓடு, தெருவோரம் லிண்டன் மரங்கள். மணமாகாத ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனிப் பெரிய வீடுகள், அவற்றிலேயே பட்டறைகள். சுமார் ஆயிரம் பேர் உட்காரும் வழிபாட்டுக் கூடத்தில் நடுவே ஒரு தூண் கிடையாது, பலிபீடமும் கிடையாது. வெள்ளை பெஞ்சுகளும் வெண்மணல் தூவிய பலகைத் தரையும்தான். கல்லறைத் தோட்டத்தில் எல்லாருக்கும் ஒரே மாதிரிப் படுக்கைக் கல். 2015-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

இதே சகோதரர் குழு, கிறிஸ்தியான்ஸ்ஃபெல்ட் தொடங்குவதற்கு 13 ஆண்டுகள் முன்னரே, 1760-இல், டேனியர் ஆட்சியிலிருந்த தரங்கம்பாடிக்கு வந்திறங்கியிருந்தது. பொறையாற்றின் அருகே நிலம் வாங்கி, சகோதரர் தோட்டம் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். சீகன்பால்கு 1706-இல் தொடங்கிய மிஷனின் வாரிசுகளுக்கு இவர்கள் வரவு பிடிக்கவில்லை. இரு தரப்புக்கும் உரசல் இருந்தது. மொரேவியர்கள் வேதம் சொன்னதோடு கைத்தொழிலும் செய்தார்கள். தச்சும் தையலும் செருப்பு வேலையுமாக ஐரோப்பியர்களுக்குப் பொருள் செய்து விற்று அந்த வருமானத்தில் வாழ்ந்தார்கள். நிக்கோபார் தீவுகளிலும் முயன்று, காய்ச்சலுக்குப் பலரைப் பலிகொடுத்துத் திரும்பினார்கள். பின்னாளில் தாவரவியலாளராகப் பெயர் பெற்ற பெஞ்சமின் ஹைனே இந்தக் குழுவோடு தரங்கம்பாடிக்கு வந்தவர். 1803-இல் குடியிருப்பு மூடப்பட்டது. ஆக, ஒரே அரசரின் கொடிக்குக் கீழே, ஒரே குழுவினர், ஒரே ஆண்டுகளில், யூட்லாந்தில் ஒரு ஊரையும் காவிரிக் கடைமடையில் ஒரு பட்டறைத் தோட்டத்தையும் நடத்திக்கொண்டிருந்தார்கள். யூட்லாந்தில் இருந்தது நிலைத்தது. பொறையாற்றில் இருந்தது மண்ணோடு போனது.

கிறிஸ்தியான்ஸ்ஃபெல்டை இருபதாம் நூற்றாண்டு வீட்டின் நேர் மூதாதை என்று சொல்ல மாட்டேன். அதன் திட்டம் ஜெர்மனியிலுள்ள தாய்க் குடியிருப்பான ஹெர்ன்ஹூட்டிலிருந்து வந்தது. ஆனால் முகப்பில் ஒன்றும் ஒட்டாமல் அளவினாலும் செங்கல்லினாலும் மட்டும் ஒரு வீட்டை நிறுத்த முடியும் என்பதற்கு, கோல்டிங் வட்டாரத்துக் கொத்தனார்கள் புத்தகம் தேட வேண்டியிருக்கவில்லை. எல்லைக்கு அப்பால் ஒரு முழு ஊர் நின்றது.

மேஸ்திரி வீட்டுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? 1850 முதல் டென்மார்க்கில் அடமானக் கடன் சங்கங்கள் இருந்தன. கடன் வாங்கியவர்கள் ஒருவருக்கொருவர் பிணை. சங்கம் பத்திரம் வெளியிட்டுச் சந்தையில் பணம் திரட்டும். நீண்ட காலத் தவணை, தாங்கக்கூடிய வட்டி. போர்க்காலத்தில் கட்டட வேலை நின்று வீட்டுப் பஞ்சம் வந்தபோது அரசு கைகொடுத்தது. 1922 முதல் 1927 வரை இயங்கிய அரசு வீட்டு நிதி ஆயிரக்கணக்கான சிறு வீடுகளுக்குக் கடன் தந்தது. இதற்கு மேல் குடும்பத்தின் சொந்தக் கணக்கு ஒன்றும் உண்டு. கீழ்த்தளத்தில் வீட்டுக்காரர், கூரைக்குள் இருக்கும் அரைத் தளத்தில் வாடகைக்கு ஒரு முதியவரோ புதுத் தம்பதியோ. மாடி போர்ஷன் வாடகையில் கடன் அடைப்பது என்னவோ நாம் மட்டும் கண்டுபிடித்த வித்தை என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

உள்ளே, கூடமும் சாப்பாட்டு அறையும் தெற்கு வெயிலைப் பார்க்கும். நடுவே இரட்டைக் கதவு. பண்டிகைக்கு அதைத் திறந்தால் இரண்டும் ஒன்றாகும். சமையலறையும் உணவு வைக்கும் சிறு அறையும் வடக்கே. குளிர்பதனப் பெட்டி வராத காலத்தில் வடக்குச் சுவரே குளிர்பதனம். எல்லா அறைகளின் கணப்பும் ஒரே புகைபோக்கியில் சேரும். அது வீட்டின் நடுவில் இருப்பதற்கு முகப்பு அழகு இரண்டாவது காரணம்தான். சுற்றியுள்ள நான்கு அறைகளும் அதன் சூட்டில் பங்கு கொள்கின்றன. நிலவறையில் துணி வெளுக்கும் செப்பு அண்டாவும் அதற்கு அடுப்பும்.

1930-இல் ஸ்டாக்ஹோம் கண்காட்சி வந்தது. தட்டைக் கூரை, மூலையைச் சுற்றி ஓடும் சன்னல், வெள்ளைச் சுவர் நாகரிகமானது. மேஸ்திரிகள் விவரமானவர்கள். அதே சதுர வீட்டை அதே செங்கல்லில் கட்டி, சன்னலை மட்டும் மூலைக்கு நகர்த்தினார்கள். பெத்ர புகெஸ்கிக் சங்கம் மெல்ல ஓய்ந்து 1965-இல் கலைந்தது. அப்போது புறநகர்களில் லட்சக்கணக்கான ஒரு தளத் தனி வீடுகள் தொழிற்சாலைப் பாகங்களைக் கொண்டு எழுந்துகொண்டிருந்தன.

பழைய வீடுகளுக்கு உண்மையான கேடு நாகரிகத்தால் வரவில்லை, நல்லெண்ணத்தால் வந்தது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு சூட்டைக் காப்பது தேசியக் கடமையானது. சிறு கண்ணாடிச் சன்னல்களைப் பிடுங்கி ஒற்றைப் பெரிய இரட்டைக் கண்ணாடி வைத்தார்கள். வீட்டின் முகம் போனது. ஓட்டைக் கழற்றிக் கல்நார் சிமென்ட் தகடு போட்டார்கள். சுண்ணாம்புச் சாந்து உதிர்ந்த இணைப்புகளில் சிமென்ட் அடைத்தார்கள். சிமென்ட் செங்கல்லைவிடக் கடினம். சுவரின் ஈரம் இணைப்பு வழியாக வெளியேறாமல் செங்கல்லுக்குள் தங்கி, உறைந்து, முகத்தையே உரித்துவிட்டது. செட்டிநாட்டு வீடுகளில் சுண்ணாம்புப் பூச்சின் மேல் சிமென்ட் பூசி வீங்க வைத்தவர்களுக்கு இந்த நோய் தெரியும். அங்கே உறைபனி இல்லை, உப்பு அந்த வேலையைச் செய்கிறது. வெற்றிடச் சுவருக்குள் காப்புத் துகளை ஊதி நிரப்பியது மட்டும் பெரும்பாலும் நல்ல காரியம். ஆனால் இரு தோலையும் பிணைக்கும் குறுக்குச் செங்கற்கள் வழியே குளிர் இன்னும் உள்ளே வருகிறது. அந்த இடங்களில் உட்பூச்சு வியர்க்கும். இப்போது பலர் பழைய மரச் சன்னலைச் செப்பனிட்டு, உட்புறம் இரண்டாவது கண்ணாடிச் சட்டம் ஒன்றைச் சேர்க்கிறார்கள். சூட்டைக் காப்பதில் அது புதுச் சன்னலுக்குச் சளைத்ததல்ல. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் பிடுங்கி எறிந்தவை தேவையில்லாமல் போயின என்று அதற்கு அர்த்தம்.

பழுது பார்ப்பதில் கோல்டிங்குக்கே ஒரு பாடம் உண்டு. 1808-இல் ஸ்பானியத் துணைப்படை தங்கியிருந்தபோது கோல்டிங்ஹூஸ் தீப்பிடித்து எரிந்து பாழானது. அதை யோஹனஸ் எக்ஸ்னர், இங்கர் எக்ஸ்னர் தம்பதியர் 1970-களில் தொடங்கி 1990-களின் தொடக்கத்தில் முடித்தபோது, இடிந்த சுவரைப் புதுச் செங்கல்லால் நிரப்பிப் பழசாக நடிக்க விடவில்லை. உயரமான ஒட்டுமரத் தூண்களை நிறுத்திப் புதுக் கூரையை அவற்றின் மேல் ஏற்றினார்கள். சுவர் இல்லாத இடத்தில் ஓக் மரச் சில்லுகள் வேய்ந்த தட்டியைத் தொங்கவிட்டார்கள். பழசு எது, புதுசு எது என்று குழந்தைக்கும் தெரியும். கோட்டைக்கு அது சரி. மேஸ்திரி வீட்டுக்கு அதே நீதி பொருந்தாது. அங்கே சரியான பழுது என்பது கண்ணுக்கே தெரியாத பழுது: அதே அளவுச் செங்கல், அதே சுண்ணாம்பு, அதே கட்டு. அதைச் செய்ய நினைவுச்சின்ன நிபுணர் வேண்டாம். நல்ல கொத்தனார் போதும். கிடைப்பது அரிதாகிவிட்டவர் அவர்தான்.

கோல்டிங்கின் டிராப்ஹோல்ட் அருங்காட்சியகத்தில் 2005 முதல் ஒரு வீடு நிற்கிறது. ஆர்னே யாக்கப்சன் 1970-இல் தன் கோடை வீடாக நிறுத்திப் பார்த்த கியூபெஃப்ளெக்ஸ். 3.36 மீட்டர் பக்கமுள்ள பெட்டிகளைத் தொழிற்சாலையில் செய்து, வேண்டியபடி சேர்த்துக்கொள்ளலாம் என்ற திட்டம். அருமையான வீடு, உள்ளே நின்றால் சன்னலின் உயரமும் அறையின் அளவும் ஒரு மேதையின் கணக்கு என்று தெரியும். ஆனால் பெருமளவு உற்பத்திக்காகவே வரைந்த அந்த வீடு உற்பத்திக்குப் போகவேயில்லை. 1971-இல் யாக்கப்சன் இறந்தார். மாதிரி மட்டும் மிஞ்சியது. அவர் இளமையில் கொத்து வேலை கற்றவர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரே ஒரு பிரதியுள்ள தொழிற்சாலை வீட்டுக்கு அருங்காட்சியகம் கிடைத்தது. கையால் கட்டி ஆயிரக்கணக்கில் பெருகிய வீட்டுக்கு அதில் இடமில்லை, அது தேவையும் இல்லை. மக்கள் அதில் குடியிருக்கிறார்கள்.

சட்டத்தின் கண்ணில் அதன் நிலை வேறு மாதிரி. டென்மார்க்கின் முதல் கட்டடப் பாதுகாப்புச் சட்டம் 1918-இல் வந்தது. மேஸ்திரி வீடுகள் எழுந்துகொண்டிருந்த அதே நேரம். அது காத்தது பழைய, அரிய கட்டடங்களை. பல்லாயிரக்கணக்கில் இருக்கும் ஒன்று அரிதாக இருக்க முடியாது. அதனால் 1980-களின் இறுதியில் சேவ் என்ற மதிப்பீட்டு முறையை உருவாக்கினார்கள்: கட்டடக்கலை, பண்பாட்டு வரலாறு, சுற்றுப்புறத்தோடு பொருத்தம், மூல வடிவம் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது, இப்போதைய நிலை என்று ஐந்து கூறுகளைப் பார்த்து 1 முதல் 9 வரை மதிப்பெண். எண் சிறிதானால் மதிப்பு பெரிது. மேஸ்திரி வீட்டின் தலையெழுத்தைப் பெரும்பாலும் சன்னல்தான் தீர்மானிக்கிறது. ஒரே தெருவில் ஒரே மேஸ்திரி கட்டிய இரண்டு வீடுகளில் சன்னல் மாற்றாதது ஒரு படி மேலே, மாற்றியது இரண்டு படி கீழே.

1977 முதல் நாட்டின் ஒவ்வொரு வீட்டுக்கும் அரசுப் பதிவேட்டில் ஒரு பக்கம் உண்டு. கட்டிய ஆண்டு, சுவர் எதனால், கூரை எதனால், கழிப்பறை எத்தனை என்று யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளலாம். கட்டியவர் பெயருக்கு அதில் கட்டம் இல்லை. அது வேண்டுமென்றால் நகராட்சியின் கட்டட அனுமதிக் கோப்புக்குப் போக வேண்டும். பல நகராட்சிகளில் இன்று அவை மின்வடிவில் கிடைக்கின்றன. மனுவோடு இணைத்த தாளில் ஒரு தரைப்படம், ஒரு முகப்பு, ஒரு குறுக்குவெட்டு, கீழே ஓரத்தில் மேஸ்திரியின் கையெழுத்து. ஒரு நகரத்தில் எந்த மேஸ்திரி எந்தத் தெருக்களைக் கட்டினார், யாருடைய கோடு எந்த ஆண்டில் மாறியது, அந்த மாற்றத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் அவர் எந்தப் பள்ளியில் இருந்தார் என்று இந்தத் தாள்களை வரிசைப்படுத்திப் பார்க்க முடியும். பெத்ர புகெஸ்கிக் வரலாற்றை இதுவரை பெரும்பாலும் கட்டடக்கலைஞர்களின் பக்கமிருந்தே எழுதியிருக்கிறார்கள்.